பார்த்துக்கொண்டு நின்றால் தின்னாது

குணவதியின் சந்தேகத்துக்கு ஆளாகாத பொருள் ரொறன்ரோவில் ஒன்றும் கிடையாது. பிளாஸ்ரிக் பையில் பால் விற்கிற ஊரை எப்படி நம்புவது என்று வந்த முதல் கிழமையே கேட்டாள். பசுவை ஒருத்தரும் கண்ணால் கண்டதில்லை, பால் மட்டும் பை பையாக வருகிறது, இதில் ஏதோ இருக்கிறது. லிஃப்டில் தன்னோடு ஏறுகிற ஆள் பொத்தானை அமத்தாவிட்டால் அடுத்த மாடியிலேயே இறங்கிவிடுவாள். தொலைபேசி ஒருதரம் அடித்து நின்றால், வீட்டில் ஆள் இருக்கிறதா என்று எவனோ பார்க்கிறான் என்பாள். எண்பத்துநாலில் அண்ணன் சிவபாதம் கூப்பிட்டு வந்தவள். நகரத்தின் வோபர்ன் பகுதியில் ஒன்பதாம் மாடியில் ஒற்றை அறை வீடு, பிஸ்கற் தொழிற்சாலையில் பொதி கட்டுகிற வேலை, கதவுக்கு மூன்று பூட்டு. இரண்டு பூட்டு கட்டடக்காரன் போட்டது. மூன்றாவது அவளுடையது.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவள் பிறக்கும்போதே இப்படிப் பிறக்கவில்லை. “நீர் முன்னுக்குப் போம், நான் வீட்டு அலுவலை முடிச்சுப்போட்டுப் பின்னாலை வாறன்” என்று புருஷன் சச்சிதானந்தன் சொன்னபோது, அதை மறுபேச்சில்லாமல் நம்பித்தான் விமானம் ஏறினாள். அவர் பின்னால் வரவில்லை. கொழும்பில் ஒரு லொட்ஜில் வைத்து ஆமிக்காரர் அவரைப் பிடித்துத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நம்பின அந்த ஒரு முறைக்குக் கிடைத்த பலன் அது. அதற்குப் பிறகு அவள் எதையும் நம்புவதை விட்டுவிட்டாள்.

அவர் எண்பத்தேழு வசந்தத்தில் வந்து சேர்ந்தார். விமான நிலையத்தில் வண்டி தள்ளிக்கொண்டு வந்த மனிதனைப் பார்த்ததும் குணவதிக்கு வந்தது அழுகை இல்லை, சந்தேகம். இது அவர்தானா? சங்கக்கடை மனேச்சராக இருந்த காலத்தில் ஒரு நீத்துப்பெட்டி நிறைய அவித்த பிட்டை ஒற்றை ஆளாக முடித்து, “வேறை இருக்கோ?” என்று கேட்கிறவர் அவர். இந்த மனிதனுக்குச் சட்டையின் கழுத்துப்பட்டி கழுத்தைத் தொடாமல் நின்றது. இடது புருவத்தில் இருந்த பழைய வெட்டுத் தழும்பைக் கண்ட பிறகுதான் அவள் கிட்டப் போனாள்.

சோறு போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். எங்கள் பெண்களுக்கு இதைவிட வேறு வைத்தியம் தெரியாது. சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைக் குவித்து, குழம்பை விட்டு, அகப்பையும் கையுமாகப் பக்கத்தில் நின்றுகொள்வாள். சாப்பிடுகிறவரைத் தனியே விட்டுப் போவது மரியாதையில்லை என்று பழகின கால்கள் அவளுடையவை. அவருடைய விரல் சோற்றைத் தொடுவது, வாய்க்குப் போவது, தொண்டை அசைவது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்பாள். இரண்டாவது பிடியிலேயே “இன்னும் கொஞ்சம் போடட்டோ?” என்பாள். அவர் தோள் ஒருதரம் துள்ளும், மூன்றாவது பிடியில் கோப்பையைத் தள்ளிவைப்பார்.

“காணும்.”

“என்னப்பா, உப்புக் கூடிப்போச்சோ?”

“இல்லை. பசிக்கேல்லை.”

கோடையில் டொக்டர் அவரைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு, இப்படியே இறங்கிக்கொண்டு போனால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துக் குழாயால்தான் உணவு ஏற்றவேண்டி வரும் என்று சொல்லிவிட்டார். முகாமிலிருந்து உயிரோடு வந்த மனுஷன் குணவதியின் குசினியில் வைத்துச் சாவதா? அவர் உட்கார்ந்து ஒரு கோப்பைச் சோற்றை முழுதாகச் சாப்பிட வேண்டும். உலகத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

சச்சிதானந்தன் பின்னேரங்களில் கட்டடத்தைப் பராமரிக்கிற சுப்பர் எட்வேட்டோடு சேர்ந்து துப்புரவு வேலைக்குப் போனார். எட்வேட் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர், இங்கே வந்து நாள்பட்டவர். குணவதி விடியற்காலை வேலைக்குப் போகுமுன் அவருக்குச் சாப்பாட்டுப் பெட்டி கட்டிவைப்பாள். அவள் திரும்பி வரும்போது அது கழுவித் துடைத்து, குசினி மேசையில் இருக்கும். அந்தத் துப்புரவுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. சாப்பிட்டவன் பெட்டியில் ஒரு பருக்கையாவது ஒட்டியிருக்காதா? ஒருநாள் அவருடைய கோட்டுப் பைக்குள் காய்ந்த பாண் ரொட்டித் துண்டுகள் அகப்பட்டன. தலையணைக்குக் கீழும் இரண்டு துண்டு. எங்கேயோ போகத்தான் ஆயத்தம் செய்கிறார் என்று அவளுக்குப் பட்டது.

பொதி கட்டும் மேசையில் எதிர்ப்பக்கம் நிற்கிற அருள்நாயகி எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதில் கெட்டிக்காரி.

“வீட்டிலை சாப்பிடாத ஆம்பிளை வெளியிலை சாப்பிடுறான், குணம். எங்கையெண்டு பாரும்.”

“சும்மா இருங்கோ அருளக்கா. எலும்பும் தோலுமாய்க் கிடக்கிறார்.”

“அதுக்குத்தானே சில பேருக்கு இரக்கம் வாறது.”

செப்ரெம்பரில், வாடகை கொடுக்காமல் ஓடிப்போன ஒருவனுடைய வீட்டைத் துப்புரவாக்கிவிட்டு, சச்சிதானந்தன் ஒரு கண்ணாடித் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பின்னால் எட்வேட் மின்குமிழும் வயருமாக வந்தார். தொட்டிக்குள் பழைய பேப்பரின் மேல் ஒரு பாம்பு உருண்டையாகச் சுருண்டு, தலையை உள்ளே ஒளித்துக்கொண்டு கிடந்தது. உடம்பு முழுக்கக் கபில நிறத்தில் வட்டம் வட்டமாகப் புள்ளி.

“ஐயோ! புடையன்!” என்று குணவதி சோபாவில் ஏறி நின்றாள்.

“புடையன் இல்லைத் தங்கச்சி” என்றார் எட்வேட். “உது வெங்கிணாந்தி, மலைப்பாம்புச் சாதி. நஞ்சு இல்லை. இதுக்குமேலை வளராதாம். அவன் விட்டிட்டு ஓடினபிறகு எவ்வளவு நாள் பட்டினி கிடந்துதோ தெரியாது. நான் சிற்றிக்காரருக்குப் போன் அடிச்சுக் கொண்டுபோகச் சொல்லுவமெண்டனான். இவர் விடமாட்டாராம்.”

குணவதி புருஷனைப் பார்த்தாள். அவர் பாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் முதுகெலும்பு கூரை முகடுபோலத் துருத்திக்கொண்டு நின்றது. இரண்டு பக்கமும் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது.

“நல்லாத் தேறினபிறகு குடுத்துவிடுவம்” என்றார் சச்சிதானந்தன். வந்த நாள்தொட்டு அவர் அவளிடம் கேட்ட முதல் காரியம் அது. குணவதியால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

சொல்லாமல் விட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவர் முகாமில் இருந்தபோது, அவரை உயிரோடு விட்டால் உன் சந்நிதிக்கு வந்து பால் வைக்கிறேன் என்று நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். நயினாதீவு எங்கே, வோபர்ன் எங்கே. நேர்த்தி அப்படியே கிடந்தது. இப்போது பாம்பு ஒன்று ஒன்பதாம் மாடி ஏறி வந்திருக்கிறது. கடனைக் கேட்டு அம்மன்தான் ஆளனுப்பினாளோ என்று சந்தேகம் வந்தால், அதில் பிழை சொல்ல முடியுமா?

தொட்டியைச் சாமான் வைக்கிற சின்ன அறைக்குள் வைத்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை வேலையால் வந்து முழுகிவிட்டு, பால் பையின் மூலையை வெட்டி, வெள்ளிக் கிண்ணத்தில் வார்த்து, வீடு கூட்டுகிற தும்புத்தடியால் மூடியை நெம்பித் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு கிண்ணத்தை உள்ளே இறக்கினாள். பாம்பு திடுக்கிட்டு இறுகியது. கிண்ணம் கவிழ்ந்து பால் முழுவதும் பேப்பரில் ஊறி, பாம்பின் அடிவயிறெல்லாம் நனைந்தது. அதைத் துடைக்க அவளுக்குத் துணிவில்லை. மூடியைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். மின்குமிழின் வெக்கையில் பால் புளித்து நாறத் தொடங்கியது.

வேலையால் வந்த சச்சிதானந்தன் அறைக் கதவைத் திறந்ததும் கத்தினார்.

“ஆர் இதைச் செய்தது?”

“அம்மாளாச்சிக்கு நேர்ந்தது...”

“பாம்பு பால் குடிக்குமெண்டு ஆர் சொன்னது? அதுக்கு என்ன வேணுமெண்டு கேக்கிறதில்லை. நாங்கள் நினைச்சதை நினைச்ச நேரம் கொண்டுபோய் முகத்துக்கு முன்னாலை வைக்கிறது!”

பேப்பரை மாற்றி, பாம்பை ஈரத் துவாயால் ஒற்றித் துடைத்து, தண்ணீர்க் கோப்பை வைத்து, அவர் வெளியே வர வெகு நேரமாகியது. குணவதி குசினியில் அழுதுகொண்டிருந்தாள். அழுகையோடு ஒரு சந்தோஷமும் இருந்தது. இத்தனை மாதத்தில் அவர் குரலை உயர்த்தியது இதுதான் முதல் தடவை. கத்துகிற மனுஷனுக்கு உள்ளே ஏதோ மிச்சம் இருக்கிறது.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் சச்சிதானந்தன் ஒன்றும் சொல்லாமல் வெளியே போகத் தொடங்கினார். எங்கே என்று கேட்டால் “சும்மா” என்பார். சும்மா போகிறவன் தலை வாரி இழுத்துக்கொண்டா போவான்? அருள்நாயகிக்குக் கொண்டாட்டம். “நான் சொன்னனானெல்லோ!” என்று பிஸ்கற் பெட்டிக்கு மேலால் எட்டிச் சொன்னாள். குணவதி அவருடைய சட்டையை மணந்து பார்த்தாள். ஒரு மாதிரி வைக்கோல் மணம் அடித்தது. வைக்கோல் மணக்கிற பெண் எப்படிப்பட்டவளாக இருப்பாள் என்று இரண்டு நாள் யோசித்தாள்.

மூன்றாம் நாள், பாரை மீன் பொதியை எடுக்கப் பிரீஸரைத் திறந்தவளுக்கு, அதன் பின்மூலையில் ஒளித்துவைத்த வெள்ளித்தாள் பொதி ஒன்று தட்டுப்பட்டது. அவள் வைக்காத பொதி. காசா, கடிதமா, நகையா? பிரித்தாள். உள்ளே மூன்று வெள்ளைச் சுண்டெலி, விறைத்து, வாலும் காலும் ஒழுங்காக நீட்டியபடி கிடந்தன.

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள். பாரை மீன் முழுவதும் குப்பைக்குப் போனது. இதைவிட ஒரு பெண்ணே இருந்திருக்கலாம் என்றுகூட அந்த நிமிஷத்தில் குணவதிக்குத் தோன்றியது.

“சனிக்கிழமையிலை போற பிராணிக் கடைப் பெடியன் தந்தவன்” என்றார் சச்சிதானந்தன், குற்றவாளியாக நின்றுகொண்டு. “சொன்னால் நீர் விடமாட்டீர். பட்டினி கிடந்த வயித்துக்குச் சின்ன எலிதான் குடுக்கவேணுமாம். பெரிசு குடுத்தால் கக்கிப்போடுமாம்.”

சந்தேகத்துக்குப் பதில் கிடைத்தாயிற்று, ஆனால் பாம்பு தின்னவில்லை. அவர் எலியைச் சுடுதண்ணீரில் போட்டு இளஞ்சூடாக்கி, நீண்ட இடுக்கியால் பிடித்து அதன் முன்னால் வைப்பார். குணவதி தும்புத்தடியோடு ஸ்ரூலில் உட்கார்ந்து காவல் பார்ப்பாள். மூடி திறந்திருக்கிற நேரத்தில் அது வெளியே பாயுமோ என்று அவளுக்குப் பயம். பாம்பு உருண்டையாகி, தலையை ஒளித்துக்கொண்டு அசையாது கிடக்கும். காலையில் எலி வைத்தது வைத்தபடி இருக்கும். அடுத்த கிழமையும் அப்படி. அதற்கடுத்த கிழமையும் அப்படி. முதுகெலும்பு இன்னும் மேலே வந்தது.

“இது சாகப்போகுது” என்றாள் குணவதி. பாம்பைத்தான் சொன்னாள். சொல்லும்போது தராசில் நின்ற புருஷன் கண்ணுக்குள் வந்தார்.

சச்சிதானந்தன் கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு காலி ஐஸ்கிறீம் பெட்டியில் வாசல் வெட்டி, தன்னுடைய பழைய பெனியனைக் கிழித்து உள்ளே விரித்து, கவிழ்த்து வைத்தார். பாம்பு மெல்ல நகர்ந்து அந்த இருட்டுக்குள் நுழைந்தது. எலியை வாசலில் வைத்தார். தொட்டி முழுவதையும் துவாயால் மூடினார்.

“எழும்பி வாரும்” என்றார்.

“வெளியிலை வந்திட்டால்?”

“வராது. பார்த்துக்கொண்டு நிண்டால் தின்னாது.”

“ஏன்? நாங்கள் என்ன செய்யப்போறம் அதை?”

“அது எங்களுக்குத் தெரியும். பாக்கிறவன் ஏன் பாக்கிறானெண்டு அதுக்குத் தெரியாதெல்லோ.”

அறைக் கதவைச் சாத்திவிட்டு இருவரும் சோபாவில் வந்து உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. பிறகு அவர் தன் பாட்டில், அவளைப் பார்க்காமல் சொன்னார்.

“அங்கை நாங்கள் சாப்பிடேக்கை ஒருத்தன் வந்து பக்கத்திலை நிப்பான். அடிக்கமாட்டான், பேசமாட்டான். நிண்டு பாப்பான். சாப்பிட்டு முடியத்தான் ஆரோ ஒருத்தனை விசாரணைக்குக் கூப்பிடுவாங்கள். அவன் ஆரைப் பார்த்துக்கொண்டு நிண்டானோ, அவனைத்தான்.”

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். குணவதிக்கு அகப்பை ஞாபகம் வந்தது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு நேரமும், அவருடைய தோளுக்குப் பக்கத்தில் நின்றவள் அவள். விரலையும் வாயையும் பார்த்துக்கொண்டு நின்றவள் அவள். “இன்னும் கொஞ்சம் போடட்டோ?” என்று அவள் வாய் திறந்தபோதெல்லாம் அவர் தோள் ஏன் துள்ளியது என்பது இப்போதுதான் விளங்கியது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

காலையில் எலி இல்லை. பெனியனுக்குக் கீழே போயிருக்கும் என்றாள் குணவதி. சச்சிதானந்தன் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். பாம்பின் நடு உடம்பில் ஒரு சின்னப் புடைப்பு இருந்தது. அவர் சிரித்தார். பிட்டுக்கு மேல் பிட்டுக் கேட்கிற காலத்துச் சிரிப்பின் ஒரு ஓரம் அதில் தெரிந்தது.

பாம்புக்குத் துவாய் போதும். குணவதிக்கு எதைப் போட்டு மூடுவது? பாராமல் இருப்பது அவளுக்குப் பட்டினி கிடப்பதைவிடக் கடினம். சோற்றைப் போட்டுவிட்டுக் குசினியை விட்டுப் போவாள். போனவள் சுவரோடு நின்று காதைக் கொடுப்பாள். திரும்பி வந்து கோப்பையில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கண்ணால் அளப்பாள். அளக்கிறாள் என்பது அவருக்கும் தெரியும். பாதி குறைந்த நாளும் உண்டு, தொடாத நாளும் உண்டு.

தேறுவதில் பாம்பு முந்திக்கொண்டது. தின்ற பிறகு இரண்டு நாள் அதைத் தொடக்கூடாது. அதற்குப் பிறகு சச்சிதானந்தன் தொட்டிக்குள் கையை வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். பிடிக்கமாட்டார், தடவமாட்டார். முதலில் அது உருண்டையானது. பிறகு நாக்கை நீட்டி விரலைச் சோதித்தது. மார்கழிப் பனி கொட்டுகிற நேரத்தில் அது தானாக அவருடைய மணிக்கட்டில் ஏறி, சட்டைக் கைக்குள் சூடு தேடிப் போனது. ஒருநாள் அவர் சொல்லாமலே குணவதியும் ஒற்றை விரலை வைத்தாள். வழவழவென்று ஈரமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். காய்ந்து, குளிர்ந்து, நல்ல பட்டுத் துணிபோல இருந்தது. அதிலும் அவளுக்கு ஒரு சந்தேகம்: இவ்வளவு நாளும் பாம்பைப் பற்றிச் சொன்னவர்களில் ஒருத்தராவது தொட்டுப் பார்த்தார்களா?

தை மாதத்தில் ஒருநாள் தொழிற்சாலையில் அடுப்பு பழுதாகி, எல்லாரையும் மத்தியானத்திலேயே அனுப்பிவிட்டார்கள். குணவதி வழக்கம்போலச் சத்தமில்லாமல் மூன்று பூட்டையும் திறந்தாள். ஆளில்லாத நேரத்தில் வீடு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது அவளுடைய பழக்கம். சச்சிதானந்தனின் சப்பாத்து வாசலில் இருந்தது. வேலைக்குப் போக அவருக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் சோபாவில் ஆளில்லை, படுக்கையிலும் இல்லை. சாமான் அறைக் கதவு ஒரு விரல் இடைவெளியில் திறந்திருந்தது.

உள்ளே அவர் சுவரில் முதுகைச் சாய்த்து, நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துவாய் மூடிய தொட்டி. மடியில் அவள் விடியக் கட்டிவைத்த சாப்பாட்டுப் பெட்டி. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கத்தரிக்காய்க் குழம்பைச் சோற்றோடு குழைத்து, பெரிய பிடியாகப் பிடித்து, அவசரமில்லாமல் சாப்பிட்டார். பெட்டியின் மூலையை விரலால் வழித்து, விரலைச் சூப்பினார்.

முந்தி அந்தப் பெட்டிச் சோறு எங்கே போனது, குப்பைக்கா, வயிற்றுக்கா என்பது குணவதிக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த நேரம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், முன்னால் உட்கார்ந்து, கடைசிப் பருக்கைவரை ஆசை தீரப் பார்க்கவேண்டும்போல் இருந்தது. நான்கு வருஷமாக அவள் காத்திருந்தது இந்தக் காட்சிக்குத்தான். கை கதவுவரை போயும் விட்டது.

கையை எடுத்தாள். வந்த வழியே பின்னுக்கு நடந்து, வெளியே போய், மூன்று பூட்டையும் ஒவ்வொன்றாகப் பூட்டினாள். மாடிப்படியில் போய் உட்கார்ந்து கோட்டுக் கையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். படியேறி வந்த எட்வேட் பயந்துபோனார்.

“என்ன தங்கச்சி, ஊரிலை ஏதும் துக்கமோ?”

“இல்லை எட்வேட் அண்ணை. அவர் சாப்பிடுறார்.”

எட்வேட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு மேலே போனார். குணவதி இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, முகத்தைத் துடைத்து, வாசலில் மூன்று திறப்பும் கோத்த வளையத்தை வேண்டுமென்றே நிலத்தில் போட்டு, செருமி, பூட்டுகளைக் கடகடவென்று திறந்து உள்ளே போனாள். பெட்டி கழுவித் துடைத்து மேசையில் இருந்தது. அவள் அதைத் திறந்து பார்க்கவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குணவதி பிட்டு அவித்தாள். கோப்பையில் போட்டு, கத்தரிக்காய்க் குழம்பை விட்டு, மேசையில் வைத்துவிட்டு, குசினியை விட்டுப் போகாமல் சட்டி கழுவுகிற தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டு, ஏற்கெனவே கழுவின சட்டிகளை மறுபடி கழுவத் தொடங்கினாள். காதைக் கொடுக்கவும் இல்லை, தண்ணீர்ச் சத்தம் பெரிதாக இருந்தது. பின்னால் கதிரை இழுபட்டது. ஒரு சட்டி முடிந்து, இரண்டாவது சட்டியும் முடிந்து, மூன்றாவதை எடுத்தாள்.

“குணம்.”

அவள் திரும்பவில்லை.

“வேறை இருக்கோ?”

குழாயை நிற்பாட்டாமல், நீத்துப்பெட்டியை எட்டி எடுத்து, சுவரைப் பார்த்தபடியே கையைப் பின்னுக்கு நீட்டி, குத்துமதிப்பாகக் கோப்பை இருக்கிற திசையில் பிட்டைத் தட்டினாள். கண்ணீரில் சுவரும் சரியாகத் தெரியவில்லை. பாதிப் பிட்டு மேசையில் விழுந்தது, மீதி நிலத்தில் உதிர்ந்தது.

“என்னப்பா இது?” என்றார் சச்சிதானந்தன். “இஞ்சாலை திரும்பிப் பாத்துப் போடும்.”